கமலையும் திருகும்: இதயப் பம்பின் வரலாறு

இதயத்தைப் பற்றிப் பேசாத இலக்கியம் எம்மொழியிலும் இல்லை. அன்பின் இருப்பிடம் என்றும், அறிவின் கண் என்றும், ஈமானின் உறைவிடம் என்றும் அதனைச் சொல்லிப் பழகியவர்கள் நாம். அரபியில் அதன் பெயர் ‘கல்பு’. புரளுதல், திரும்புதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஒரு நிலையில் நில்லாது மாறிக்கொண்டே இருப்பதால் அப்பெயர் பெற்றது என்பர் மொழிநூலார். ஆனால் அறுவை மருத்துவரின் கத்தி முனையில் இதயம் ஓர் இறைவை இயந்திரம். கைமூடி அளவே உள்ள அந்தத் தசை, நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கின்றது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 7,000 லிட்டருக்குக் குறையாது. நம் வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிகள் ஏழினை அன்றாடம் நிரப்பும் வேலை அது. அதற்காக நாளொன்றுக்கு ஒரு இலட்சம் தடவை அது சுருங்கி விரிகின்றது.

இந்த இறைவை தளர்ந்துபோனால் என்ன செய்வது? மாரடைப்பு என்பது வேறு, இதயத் தளர்ச்சி என்பது வேறு. முன்னது இதயத் தசைக்கு உணவூட்டும் குழாய் அடைபடுவதால் திடீரென வருவது. பின்னது, பழைய மாரடைப்பாலோ, நெடுநாள் இரத்தக் கொதிப்பாலோ, வால்வுப் பழுதாலோ, காரணம் புலப்படாமலேயோ தசை வலுவிழந்து, இறைக்க வேண்டியதை இறைக்க இயலாமற் போகும் நிலை. கால் வீங்கும். மாடிப்படி ஏற மூச்சு வாங்கும். படுத்தால் திணறும், ஆகவே தலையணை இரண்டாகும், மூன்றாகும், பின்னர் நாற்காலியிலேயே இரவு கழியும். இத்தகைய பெரியவர் ஒருவரேனும் இல்லாத தெரு நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் அரிது. மருந்துகள் பெருமளவு உதவுகின்றன. மருந்தின் எல்லையும் கடந்துவிட்டால் எஞ்சியிருப்பவை இரண்டே வழிகள்: பிறர் இதயத்தைப் பெற்றுப் பொருத்துதல், அல்லது, தளர்ந்த இதயத்தின் அருகிலேயே ஒரு பம்பினைப் பதித்து அதன் சுமையை ஏற்கச் செய்தல். இவ்விரண்டாம் வழியின் வரலாற்றையே ஈண்டு நாம் எழுத முற்படுகின்றோம்.

இரத்தம் எவ்வழியே ஓடுகின்றது என்று தெரியாதவரை இதயத்துக்கு மாற்று இயந்திரம் எண்ணவும் இயலாது. யவன மருத்துவர் ஜாலினூஸ் காலம் முதல், இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்புறம் கசிகின்றது என்றே உலகம் நம்பியிருந்தது. திமிஷ்கில் பயின்று காஹிராவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 687-இல், அஃதாவது 1288-இல், மறைந்த மருத்துவ மேதை இப்னுந் நபீஸ் இதனை மறுத்தார். இப்னு சீனாவின் ‘கானூன்’ நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு எழுதிய விரிவுரையில், அச்சுவரில் துளை எதுவுமில்லை. வலக் கீழறையின் இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, இடப்புறம் வந்து சேர்கின்றது என்று திட்டவட்டமாக எழுதினார். அவ்வேடு பெர்லின் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. 1924-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ அதனைப் படித்து வெளிக்கொணர்ந்தார். இரத்தம் உடல் முழுதும் வட்டமாகச் சுற்றி வருவதை நிறுவியவர் ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி. அவர் நூல் வெளிவந்தது 1628-இல்.

பம்பு என்னும் பொறியின் கதையிலும் ஒரு பழைய பெயர் உண்டு. தியார்பக்கிர் நகரில் அர்துகீ மன்னர்களின் அவையில் பொறியாளராக இருந்த அல்ஜஸரீ, ஹிஜ்ரி 602-இல் (கி.பி. 1206) தாம் முடித்த பொறியியல் நூலில் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஐந்தினை வரைபடங்களோடு விளக்குகின்றார். அவற்றுள் ஐந்தாவது, எதிரெதிரே அமைந்த இரண்டு உருளைகள் கொண்டது. ஒன்று உறிஞ்சும்போது மற்றொன்று தள்ளும். ஒருவழி மட்டும் திறக்கும் வால்வுகள் நீரைப் பின்வாங்க விடா. இதயத்தின் அமைப்பை அறிந்தவர் எவரும் அப்படத்தைப் பார்த்தால் ஒரு கணம் வியந்து நிற்பர்.

இவ்விருவரையும் சொன்னதால், இதயப் பம்பினையும் நம்மவரே கண்டுபிடித்தனர் என்று மேடையில் முழங்கும் அன்பர்களின் பட்டியலில் எம்மையும் சேர்த்துவிட வேண்டா. இப்னுந் நபீஸின் ஏடு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் தூசியில் கிடந்ததே, அந்தத் தூசியைத் தட்டாதிருந்தவர்களும் நம் முன்னோரே அல்லரோ?

நிற்க.

இதயத்தின் வேலையை ஓர் இயந்திரம் சற்று நேரமேனும் செய்து காட்டிய நாள் 1953 மே 6. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் என்பார், தாம் இருபது ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இதய-நுரையீரல் இயந்திரத்தைப் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திக்குப் பொருத்தி, அவளுடைய இதயத்தைத் திறந்து ஓட்டையைத் தைத்து மூடினார். அவள் பிழைத்தாள். ஆனால் அது அறுவை அரங்கில் நிற்கும் பெரிய இயந்திரம். சில மணி நேரத்துக்கே உதவும். நோயாளியோடு நாட்கணக்கில் வாழும் பம்பு வேண்டும் என்று முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஹூஸ்டன் நகரத்து மைக்கேல் டீபேக்கி.

இந்தப் பெயரில் நமக்கோர் ஆர்வம் உண்டு. அவருடைய பெற்றோர் லெபனானிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய அரபுக் கிறித்தவர்கள். குடும்பப் பெயர் ‘தபாகி’; அமெரிக்க நாவில் அது டீபேக்கி ஆயிற்று. ‘தப்பாஃக்’ என்றால் அரபியில் தோல் பதனிடுபவர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் சமுதாயத்தார் தலைமுறைகளாகச் செய்துவரும் தொழில் அது. 1908-இல் லூசியானாவில் பிறந்த மைக்கேலுக்குத் தாயார் தையற்கலை கற்பித்தார். அந்தக் கல்வி வீண்போகவில்லை. 1950-களின் தொடக்கத்தில், பழுதுற்ற இரத்தக் குழாய்க்கு மாற்றாகத் துணிக்குழாய் ஒன்று செய்ய எண்ணி அவர் கடைக்குப் போனார். நைலான் துணி தீர்ந்துவிட்டது. புதிதாக வந்த டாக்ரான் என்னும் பாலியெஸ்டர் துணி இருக்கின்றது என்றார் கடைக்காரர். அதை ஒரு கெஜம் வாங்கி வந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். அறுவை மருத்துவ உலகில் இன்றும் அந்தத் துணியே ஆள்கின்றது. இதயப் பம்பிலிருந்து பெருந்தமனிக்கு இரத்தம் செல்லும் குழாயும் செயற்கைத் துணியால் ஆனதே. 1936 முதல் நூல் நூற்றுவரும் இராசபாளையத்தாருக்கும், அதன் பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் அறுவை அரங்குகளுக்கான கட்டுத்துணி நெய்து நாடெங்கும் அனுப்பும் தறிக்காரர்களுக்கும், துணிக்கும் உயிருக்கும் உள்ள உறவை நாம் விளக்க வேண்டியதில்லை. கிப்பனின் இயந்திரத்துக்குள் இரத்தத்தை உருட்டித் தள்ளிய உருளைப் பம்பும் டீபேக்கி தம் மாணவப் பருவத்தில் மேம்படுத்தித் தந்ததே.

1963 ஜூலையில், அர்ஜென்டினாவிலிருந்து வந்து டீபேக்கியிடம் ஆய்வு செய்த டொமிங்கோ லியோட்டா உருவாக்கிய பம்பு முதன்முதலாக ஒரு மனிதரின் மார்புக்குள் பொருத்தப்பட்டது. அவர் நான்கு நாட்களே இருந்தார். 1966 ஆகஸ்ட் 8-இல் மெக்சிகோ நாட்டுப் பெண்மணி ஒருவருக்கு டீபேக்கி பொருத்திய பம்பு, பத்து நாட்கள் அவர் இதயத்துக்கு ஓய்வு தந்தது. பின்னர் பம்பு அகற்றப்பட்டது. இதயம் தன் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது. அவர் நலமாக வீடு திரும்பினார். ‘இதயத்துக்கு ஓய்வு’ என்பது வெறும் கற்பனையன்று என்பதற்கு முதற்சான்று அதுவே.

அடுத்த ஆண்டு, 1967 டிசம்பர் 3-இல், தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்தியான் பர்னார்ட் இதயமாற்று அறுவை செய்ததும் உலகின் கவனம் அப்பக்கம் திரும்பிற்று. 1968 பிப்ரவரியில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் நம் நாட்டிலேயே அதனைச் செய்து பார்த்தார். நோயாளி சில மணி நேரமே இருந்தார். ஒட்டாத உறுப்பை உடல் தள்ளிவிடும் சிக்கலுக்கு அன்று தக்க மருந்து இல்லை.

பம்பின் வரலாற்றில் ஒரு கசப்பான அத்தியாயமும் உண்டு. 1969 ஏப்ரல் 4-இல், டீபேக்கியின் சக மருத்துவராக இருந்து பிரிந்த டென்டன் கூலி, முழுச் செயற்கை இதயம் ஒன்றை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். ஏறத்தாழ மூன்று நாட்கள் அது இயங்கியது. பின்னர் மாற்று இதயம் வைக்கப்பட்டும் அவர் இறந்தார். தம் ஆய்வுக்கூடத்துப் பொருளைத் தம் அனுமதியின்றி எடுத்தாண்டனர் என்பது டீபேக்கியின் குற்றச்சாட்டு. ஒரே ஊரில், ஒரே வீதியின் இரு மருத்துவமனைகளில் பணியாற்றிய இருவரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. 2007-இல்தான் சமாதானம் ஆயினர். மறு ஆண்டே, நூறு வயது நிரம்பச் சில வாரங்கள் இருக்கையில், டீபேக்கி மறைந்தார். ஆயிரமாயிரம் இதயங்களைத் தைத்துச் சேர்த்த கைகளுக்கு இந்த ஒரு முறிவைத் தைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 1982-இல் யூட்டாவில் பொருத்தப்பட்ட ‘ஜார்விக்-7’ என்னும் முழுச் செயற்கை இதயம் நோயாளியை 112 நாட்கள் வாழவைத்தது. ஆனால் துணி துவைக்கும் இயந்திரமளவு பெரிய காற்றழுத்தப் பெட்டியோடு அவர் கட்டுண்டு கிடந்தார்.

அக்காலத்துப் பம்புகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவை இதயத்தைப் போலவே துடித்தன. நிரம்பும், சுருங்கும், தள்ளும், மீண்டும் நிரம்பும். நம் வட்டாரத்துக் கமலையை எண்ணிப் பாருங்கள். மாடுகள் முன்னே இறங்க, சால் மேலே வந்து, தோல் வாலின் வழியே ‘சளார்’ என்று தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னே நகர, சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். கொட்டுவதும் நிற்பதுமாக வாய்க்காலில் நீர் அலையலையாகப் போகும். துடிக்கும் பம்பும் அத்தகையதே. கமலையில் வடம் தேயும், உருளை தேயும், தோல் கிழியும். அதுபோல நாளைக்கு ஒரு இலட்சம் தடவை மடங்கி விரியும் சவ்வும் வால்வும் ஓரிரு ஆண்டுகளில் பழுதாயின. பெரும்பயன் தந்த ‘ஹார்ட்மேட்’ என்னும் பம்பின் முதல் வடிவத்தில் இருந்த வால்வுகள் பன்றியிடமிருந்து எடுத்துப் பதப்படுத்தியவை. நிர்ப்பந்தத்தின் சட்டம் அறிந்த நம் ஆலிம்கள் அதற்கு விடை சொல்லியிருப்பர். எனினும் பின்வந்த வடிவங்களில் வால்வே இல்லாமற் போனதால் அக்கேள்வி தானாகவே நீங்கிற்று.

அந்த முதல் வடிவம் எவ்வளவு உதவிற்று என்பதை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. இதயமாற்றுக்கு ஏற்கப்படாத 129 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பம்பும் மற்றவர்களுக்கு மருந்தும் தந்தனர். ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தோர் பம்புப் பிரிவில் நூற்றுக்கு 52. மருந்துப் பிரிவில் 25. ஈராண்டு முடிவில் 23-உம் 8-உம். இலாபம் பெரிது, ஆயினும் பம்பு பொருத்தியோருள்ளும் நான்கில் மூவர் ஈராண்டில் போய்விட்டனர்.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறும் வழி நைல் நதிக்கரை வயல் ஒன்றில் கிடைத்தது என்றால் வாசகர்கள் நம்புவார்களா? 1976-இல் எகிப்தின் சிற்றூர் ஒன்றில் மருத்துவத் தொண்டாற்றச் சென்ற ரிச்சர்ட் வாம்ப்ளர் என்னும் அமெரிக்க மருத்துவர், உழவர் ஒருவர் வாய்க்கால் நீரை வயலுக்கு ஏற்றுவதைக் கண்டார். சாய்வாகக் கிடத்திய நீண்ட மர உருளை, அதனுள்ளே திருகு. கைப்பிடியைச் சுற்றினால் நீர் திருகின் மேல் ஏறி வந்து தடையின்றிக் கொட்டும். யவன அறிஞர் ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கும் இப்பொறியை எகிப்திய உழவர் ‘தன்பூர்’ என்பர். நம் ஊர்க் கச்சேரியில் சுருதி கூட்டும் தம்பூராவுக்கும் இப்பெயருக்கும் உறவுண்டு. நீண்ட குடம் போன்ற உருவமே இரண்டையும் இணைத்தது போலும்.

சால் இல்லை, வால்வு இல்லை, ஏறி இறங்குவதும் இல்லை; சுற்றிக்கொண்டே இருந்தால் போதும், நீர் ஓடிக்கொண்டே இருக்கும். இரத்தத்துக்கும் இது ஏன் ஆகாது? ஊர் திரும்பிய வாம்ப்ளர், பென்சில் தடிமனே உள்ள சுழல் திருகு ஒன்றை உருவாக்கினார். நிமிடத்துக்கு 25,000 சுற்று. சகாக்கள் சிரித்தனர். அத்தனை வேகத்தில் இரத்த அணுக்கள் அரைபட்டுக் கூழாகிவிடும் என்பதே அனைவரின் அச்சம். 1988 ஏப்ரலில் ஹூஸ்டனில் டாக்டர் ஓ.எச். ஃப்ரேசியர் அதனைத் தொடை இரத்தக் குழாய் வழியே செலுத்தி ஒரு நோயாளியின் இதயத்தில் வைத்தார். அணுக்கள் அரைபடவில்லை. அத்திருகினைக் கடக்கும் நேரம் அத்துணைக் குறுகியது. சேதம் ஏற்பட அவகாசமே இல்லை. நோயாளி பிழைத்தார்.

அதன்பின் வந்தவற்றுள் பெரும்பாலானவை சுழலும் பம்புகளே. டீபேக்கியும் அவ்வழிக்கே வந்தார். அவரிடம் இதயமாற்று செய்துகொண்ட அமெரிக்க விண்வெளித் துறைப் பொறியாளர் டேவிட் சாசியரும் அவர் சகாக்களும், ராக்கெட்டில் எரிபொருள் தள்ளும் பம்பின் அறிவை அவருக்குத் தந்தனர். 2000 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டீஃபன் வெஸ்ட்பி, பீட்டர் ஹௌட்டன் என்பாருக்கு ‘ஜார்விக் 2000’ பம்பினைப் பொருத்தினார். மின்சாரம் காதுக்குப் பின்னே மண்டையோட்டில் பதித்த செருகி வழியே சென்றது. சில வாரங்களே தேறுவார் என்று சொல்லப்பட்டவர் ஏழரை ஆண்டுகள் வாழ்ந்து, புத்தகம் எழுதி, நற்பணிகளுக்கு நிதி திரட்ட நெடுந்தூரம் நடந்தார்.

கமலை போய்ப் பம்புசெட் வந்தபோது நம் சம்சாரிகள் கண்ட மாற்றமே இது. அலையலையாய் வந்த நீர் ஒரே சீராய் வந்தது. ஆனால் உடலில் இம்மாற்றம் நிகழ்ந்தபோது எவரும் எதிர்பாராத விளைவொன்று உண்டாயிற்று. மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி இல்லை!

இதனை ஒரு மாலை மதரஸா முற்றத்தில் நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவனின் தந்தை திடுக்கிட்டு, “நாடி இல்லேன்னா மவுத்தாப் போயிட்டாருன்னுதானே ஹஜ்ரத் அர்த்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ‘நப்ளு’ என்னும் நாடியைப் பற்றி இப்னு சீனா முதல் நம் ஊர் ஹக்கீம்கள் வரை எழுதியும் தொட்டும் சொன்ன அனைத்தும், துடிப்பே உயிரின் மொழி என்ற அடிப்படையில் எழுந்தவை. பம்பு பொருத்தியவருக்கோ சாதாரண இரத்த அழுத்தக் கருவி பல வேளைகளில் எதுவும் காட்டாது. மார்பில் செவி வைத்தால் ‘லப்-டப்’ ஒலிக்குப் பதில் தேனீ இரைச்சல் போன்ற ‘உம்’ என்னும் முழக்கம் கேட்கும். அவர் நடக்கின்றார், உண்கின்றார், பேரனைக் கொஞ்சுகின்றார். 2011 மார்ச்சில் ஹூஸ்டனில் ஃப்ரேசியரும் பில்லி கோனும் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒருவரின் இதயத்தை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் இரண்டு சுழல் பம்புகளை வைத்தனர். துடிப்பே இன்றி அவர் ஒரு மாதத்துக்கு மேல் நினைவோடு வாழ்ந்தார். உடலுக்கு வேண்டுவது ஓட்டம். துடிப்பு என்பது ஓட்டத்தைத் தர இதயத்துக்கு வாய்த்த முறை. பல்லாண்டுகள் விஞ்ஞானிகள் துடிப்பைப் போலி செய்ய முயன்றே இடர்ப்பட்டனர். அதனைக் கைவிட்டபோதே வழி திறந்தது.

இன்று மிகுதியும் பயன்படும் ‘ஹார்ட்மேட் 3’ 2014-இல் ஜெர்மனியில் முதலில் பொருத்தப்பட்டது. ஏறத்தாழ 200 கிராம் எடை. இடக் கீழறையின் நுனியில் பதித்தால், அங்கிருந்து இரத்தத்தை வாங்கித் துணிக்குழாய் வழியே பெருந்தமனிக்குச் செலுத்தும். அதன் சுழலி எதன்மீதும் உராய்வதில்லை. காந்த விசையால் அந்தரத்தில் நின்று சுழல்கின்றது. தேய்மானத்துக்கு இடமில்லை. ஐந்தாண்டு கடந்தும் நூற்றுக்கு 58 பேர் உயிரோடிருந்தனர் என்று 2022-இல் வெளியான ஆய்வு சொல்கின்றது. ஈராண்டில் 23 என்ற பழைய கணக்கோடு இதனை ஒப்பிடுக.

நம் நாட்டில் 2008-இல் பெங்களூர் நாராயண ஹிருதயாலயாவில் ஆஸ்திரேலியப் பம்பு ஒன்று பொருத்தப்பட்டது. அதனைச் செய்த நிறுவனம் மறு ஆண்டே முடங்கிற்று. 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் சென்னை அடையாறு ஃபோர்டிஸ் மலர் மருத்துவமனையில் டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணனும் டாக்டர் சுரேஷ் ராவும் இதயமாற்றோடு பம்பு பொருத்துதலையும் நிலைபெறச் செய்தனர். பின்னர் அவர்கள் எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனைக்கு மாறினர். பொதிகை விரைவு வண்டியில் இரவு ஏறினால் காலையில் இறங்கும் தொலைவில் அந்த அரங்கு இருக்கின்றது.

தொலைவு அதுவே, ஆனால் விலை? இறக்குமதியாகும் பம்பும் அறுவையும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கோடி ரூபாயைத் தொடும். மில் தொழிலாளியும், பால்கோவாக் கடைக்காரரும், மதரஸா ஆசிரியரும் இதனைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதன்றி என் செய்வர்? பணமுள்ளவருக்கும் எளிதன்று. வயிற்றுத் தோலைத் துளைத்து வெளிவரும் மின்கம்பி, இடுப்பில் கட்டுப்பாட்டுப் பெட்டி, இரு தோள்களிலும் மின்கலங்கள். ஒரு முறை ஏற்றினால் பதினேழு மணி நேரம் வரை தாங்கும். ஆடிக்காற்றில் மின்கம்பி அறுந்து ஊர் இருளில் மூழ்கினால் நமக்கு விசிறி நிற்கும். அவருக்கு நிற்கக்கூடாதது நிற்கும். எனவே மாற்று மின்கலங்கள் எப்போதும் கைவசம் வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை நாள்தோறும். அதன் அளவு கூடினால் இரத்தக் கசிவு, குறைந்தால் பக்கவாதம். கம்பி வெளிவரும் இடத்தில் கிருமி அண்டாமல் கட்டு மாற்ற வீட்டில் ஒருவர் பழக வேண்டும். கண்மாயில் முங்கிக் குளிப்பது அறவே கூடாது. தொழுகையாளிக்கு இதில் தயக்கம் வேண்டா: வயிறு ஒளூவின் உறுப்பன்று, கடமையான குளிப்பில் மட்டுமே சட்டம் எழும். கட்டிட்ட காயத்துக்கு என்ன செய்வது என்பதை ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளின் நூல்களும் ‘ஜபீரா’ என்னும் தலைப்பில் விரிவாகவே பேசுகின்றன.

பலருக்குப் பம்பு, மாற்று இதயம் கிடைக்கும்வரை கரை சேர்க்கும் பாலமாகவே பயன்படுகின்றது. ஆகவே பம்பின் பேச்சு உறுப்புக் கொடையின் பேச்சில் வந்து முடியும். 1994-இல் நாடாளுமன்றம் இயற்றிய உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச் சாவை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3-இல் டில்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் வெற்றிகரமாக இதயம் மாற்றினார். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச் சாவுற்ற தம் மகனின் உறுப்புகளை ஈந்தனர். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவ்விதயம் போக்குவரத்தை நிறுத்திச் சில நிமிடங்களில் கொண்டுசெல்லப்பட்டுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. தமிழகம் அன்று விழித்தது. அரசின் உறுப்பு மாற்றுத் திட்டம் அந்த ஆண்டே தொடங்கிற்று. உறுப்பு ஈந்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது.

நம் வீடுகளில் இப்பேச்சு எழுவதேயில்லை. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, மூளையின் அனைத்துச் செயல்களும் மீளவே முடியாதபடி நின்றுவிட்டதாகத் தேர்ந்த மருத்துவர்கள் முடிவு செய்தால், அம்மனிதர் இறந்தவராகக் கருதப்படுவார். உயிர்தாங்கும் கருவிகளை அகற்றலாம் என்று தீர்மானித்தது. 1988-இல் ஜித்தாவில் அதே பேரவை, இறந்தவரின் முன் அனுமதியோடு, அல்லது வாரிசுகளின் ஒப்புதலோடு, ஓர் உயிர் காக்க உறுப்பை ஈவது ஆகும் என்றது. விற்பனை கூடாது என்பதும் அதன் நிபந்தனை. இந்தியத் துணைக்கண்டத்து ஆலிம்கள் பலர் இதில் மாறுபடுகின்றனர் என்பதையும் மறைக்கலாகாது. இருதரப்புச் சான்றுகளும் எடையுள்ளவை. ஆனால் மருத்துவமனை வராந்தாவில், அழுகைக்கிடையே, அரைமணி நேர அவகாசத்தில் தீர்க்கத்தக்க மஸ்அலா அன்று இது. வீட்டுத் திண்ணையில், உடல்நலத்தோடு இருக்கும்போதே, தம் ஆலிமை அழைத்து வைத்துக் கேட்டுத் தெளிய வேண்டியது. பம்பு பொருத்தியவரின் குடும்பத்துக்கு இக்கேள்வி வேறு உருவில் வரும்: மூளை செயலற்றுப் போன பின்னும் பம்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்குமே, அதனை எப்போது நிறுத்துவது? அம்மான் தீர்மானத்தின் வாசகம் அங்கேயும் பொருந்தும் என்பது நம் கருத்து.

விலையைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டா என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. செங்கோட்டை, புனலூர் வழியே போனால் எட்டும் திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இதய வால்வு ஒன்றை நம் நாட்டிலேயே செய்ய முயன்றனர். முன்வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஒரு வடிவம் ஆட்டின் உடலில் வைத்துச் சோதித்தபோது உடைந்தது. பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்புக்குப் பின் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வால்வு பொருத்தப்பட்டது. சென்னை டி.டி.கே. நிறுவனம் அதனைச் செய்து, வெளிநாட்டு வால்வின் விலையில் ஒரு பகுதிக்கே தந்தது. இன்றுவரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மார்பில் அது திறந்து மூடுகின்றது. 2024 ஜூலையில் வலியத்தான் மறைந்தபோது, அவர் பெயரைக்கூட அறியாத எத்தனை பேர் அவர் வால்வின் துணையால் அச்செய்தியைப் படித்திருப்பர்!

அதே நகரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், ராக்கெட்டுக்கான தொழில்நுட்ப அறிவைக் கொண்டு, டைட்டானியம் கலவையாலான நூறு கிராம் எடையுள்ள இதயப் பம்பு ஒன்றை உருவாக்கியதாக 2016-இல் அறிவித்தது. நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் இறைக்கும் அதனைப் பன்றிகளில் ஆறு மணி நேரம் வரை இயக்கிச் சோதித்தனர். கான்பூர் ஐ.ஐ.டி.யோ ‘ஹிருதயந்திரா’ என்னும் பெயரில் மற்றொரு பம்பினை நாடெங்குமுள்ள இதய மருத்துவர்களோடு சேர்ந்து உருவாக்கி வருகின்றது. ஆய்வுக்கூடத்து ஆட்டுக்கும் நோயாளியின் மார்புக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்பதைச் சித்திரா வால்வின் கதை நமக்கு முன்னரே சொல்லிவிட்டது. அந்த ஆண்டுகள் கடந்து இந்தியப் பம்பு வரும்வரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணைநிற்கும் இதயமாற்றே நம் போன்றோர்க்கு எட்டக்கூடிய வழி. அவ்வழி திறப்பதோ, எங்கோ ஒரு மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் ஒரு குடும்பத்தின் வாய்ச்சொல்லில் இருக்கின்றது.